பழைய கட்டடத்து மிஷின்

பாகலூர் சாலையிலிருந்து பிரியும் கிளைத் தடத்தில் வேன் திரும்பியபோது தூறல் ஆரம்பித்திருந்தது. ஷிப்ட் விடும் நேரம். நீலச் சட்டைக்காரர்கள் தலையில் பிளாஸ்டிக் கவரைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்களை நோக்கி ஓடினார்கள். எதிர்த்திசையில் கேட்டுக்குள் போனவர்கள் இரண்டே பேர், தஸ்லிமும் முனிராஜும்.

கேட்டில் செக்யூரிட்டி செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே யாரும் போட்டோ எடுத்துவிடக் கூடாதாம். இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் பலவற்றில் உள்ள வழக்கம்தான். தஸ்லிம் எதுவும் நினைக்காமல் கொடுத்தாள்.

வந்த வேலை சாதாரணமானது. ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டார்கள். பழைய கட்டடத்தின் மாடியில் ஒரே ஒரு பிரின்டர் மட்டும் மிச்சம். அதைக் கொண்டுபோக வேண்டும். முனிராஜ் போதும் அதற்கு. பாகலூர்க்காரர், கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார், பிரின்டர்களைக் கழற்றி மாட்டுவதிலேயே தலை நரைத்தவர். தஸ்லிமுக்கு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. ஆனாலும் "நானும் வர்றேண்ணா" என்று வேனில் ஏறிக்கொண்டாள். அதற்குக் காரணம் இருந்தது.

அவர்கள் நிறுவனம் ஓசூர், சூளகிரி வட்டாரத்து ஆபீஸ்களுக்குப் பிரின்டர்களை வாடகைக்கு விட்டிருந்தது. நூற்றுக்கணக்கான மிஷின்கள். அத்தனையையும் கவனித்துக்கொண்டது ஒரு மென்பொருள். எதில் டோனர் தீரப்போகிறது, எதில் பேப்பர் சிக்கப்போகிறது என்பதையெல்லாம் நடந்ததைப் பார்த்துப் பார்த்து அதுவே கற்றுக்கொள்ளும். ஆட்களின் பழக்கத்தையும் கற்றுக்கொள்ளும். ஒருவர் தினமும் வந்து பிரின்ட் எடுக்கிறார் என்றால், அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்பே தூங்கும் மிஷினை எழுப்பிச் சூடாக்கி வைக்கும். எழுப்பியும் ஆள் வரவில்லையென்றால் சில நாளில் அந்தப் பழக்கத்தை மறந்துவிடும். இந்த மென்பொருளை மேற்பார்வை பார்க்கும் வேலைக்குத்தான் தஸ்லிம் சமீபத்தில் சேர்ந்திருந்தாள்.

காலிக் கட்டடத்து மிஷினை அது தினமும் சாயங்காலம் எழுப்பிக்கொண்டிருந்தது.

பழைய ஞாபகம் என்று தஸ்லிம் முதலில் நினைத்தாள். அந்த மிஷினைப் பற்றி அது கற்றதையெல்லாம் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கற்கவிட்டாள். ஒரு வாரத்தில் அதே சாயங்காலம், அதே மிஷின். யாரும் வரவில்லையென்றால் அது மறந்திருக்க வேண்டும்.

அது மறக்கவில்லை.

எதிரே ஆள் வந்து நின்றால் உணர்கிற சின்னக் கண் ஒன்று அந்த மிஷின்களின் முகப்பில் உண்டு. அந்தக் கண் கெட்டுப்போய், இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டுகிறது என்று சொல்லித்தான் தஸ்லிம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

சாவியோடு காத்திருந்தவள் அந்தக் கம்பெனியின் அட்மின் மேகலா. குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பழைய கட்டடத்தின் படிக்கட்டு வந்ததும் நின்றுவிட்டாள்.

"நீங்க போய் எடுத்துக்கிட்டு வந்துருங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

"மேல வந்து காட்ட மாட்டீங்களா மேடம்?" என்றார் முனிராஜ்.

"மாடி ஏறுனதும் கடைசி ரூமுங்க. பழைய பேப்பரெல்லாம் வெச்சிருந்த ரூமு." சாவியை நீட்டினாள். "இருட்டறதுக்குள்ள இறங்கிருங்க."

மாடி வராந்தாவில் பல்புகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். மழை மேகத்தால் ஜன்னல் வெளிச்சம் சாம்பலாகத் தெரிந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை. இரண்டு பேரின் செருப்புச் சத்தம் காலி அறைகளில் பட்டுத் திரும்பி வந்தது.

கடைசி அறைக் கதவு கனமான இரும்புக் கதவு. முனிராஜ் தோள் கொடுத்துத் தள்ளித் திறந்தார். உள்ளே ஜன்னலே இல்லை. சுவரோரம் காலி ராக்குகள். கூரையில் துருப்பிடித்த குழாய் ஒன்று அறையைச் சுற்றி ஓடியது. ஆங்காங்கே அதன் வாய்கள் கீழ்நோக்கிப் பார்த்தன. நடுவில், தரையோடு நிற்கும் பெரிய பிரின்டர்.

அறை முழுக்கச் சூடான காகித வாசனை. அப்போதுதான் யாரோ பிரின்ட் எடுத்துப் போன மாதிரி.

முனிராஜ் மிஷினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்தார்.

"சூடா இருக்குதும்மா."

"நம்ம சாஃப்ட்வேர் எழுப்பிவிட்டிருக்கும்ணா."

"எழுப்பினா இவ்ளோ சூடு வராது. நிறைய ஓட்டினா தான் வரும்." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டவர், "சரி, நான் போய் டிராலி எடுத்துக்கிட்டு வர்றேன். நீ அந்தக் கதவுகிட்டயே நில்லு" என்று இறங்கிப் போனார்.

அவர் காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. மிஷினின் முகப்புக் கண்ணைத் துடைத்துப் பார்க்கலாமென்று தஸ்லிம் உள்ளே நடந்து குனிந்தாள்.

பின்னால் கதவு மூடிக்கொண்டது.

அடித்துச் சாத்தவில்லை. யாரோ பொறுமையாகச் சாத்துவது போல, மெல்ல.

கும்மிருட்டு. "முனிராஜண்ணா!" என்று கத்தினாள். குரல் சுவரைத் தாண்டவில்லை. கைகளால் துழாவிக் கதவைக் கண்டுபிடித்து இழுத்தாள். அசையவில்லை. டார்ச் அடிக்கக் கை தானாகப் போனைத் தேடியது. போன் கேட்டில் இருந்தது.

அவளுக்குப் பின்னால் மிஷின் விழித்தது.

திரையின் நீல வெளிச்சம் அறையில் பரவியது. உள்ளே உருளைகள் சுழலும் முனகல். பிறகு மூடியின் விளிம்பில் ஒரு வெள்ளை ஒளிக்கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊர்ந்தது. ஒரு தாள் வெளியே வழுக்கி விழுந்தது.

குனிந்து எடுத்துப் பார்த்தாள்.

உள்ளங்கை. காப்பி எடுக்கும் கண்ணாடியில் அழுத்திப் பதிந்த ஒரு பெண்ணின் உள்ளங்கை. ஒற்றை வளையலின் விளிம்பு. ரேகைகள்கூடத் துல்லியமாக விழுந்திருந்தன.

ஒளி மறுபடி ஊர்ந்தது. அடுத்த தாள். இரண்டு கைகள்.

அடுத்தது.

கன்னம். பாதி திறந்த வாய். கண்ணாடி மேல் படிந்த மூச்சின் புகை.

"யா அல்லாஹ்..." தஸ்லிம் பாய்ந்து மிஷினின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பிளக் அவள் கையில் தொங்கியது.

ஒளி ஊர்ந்துகொண்டே இருந்தது.

காற்று கனத்தது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை. தலை கிறுகிறுத்தது. ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓத ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்து தூக்கத்தில்கூடத் தப்பாமல் வருவது, நடுவிலேயே அறுந்துபோனது. திரையின் ஓரத்தில் "உதவி" என்ற பொத்தான் தெரிந்தது. அதைத் தொட்டால் அவர்கள் ஆபீஸுக்குத் தகவல் போகும். அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

திரையில் படிந்திருந்த தூசியில் அவள் விரல் பட்ட தடம் விழுந்தது.

அதன் பக்கத்தில், அவள் தொடாத இடத்தில், இன்னொரு விரலின் தடம் விழுந்தது.

அதே பொத்தானின் மேல். அதே அவசரத்தில். மறுபடி. மறுபடி.

தோளுக்கு வெகு அருகில் யாரோ காற்றுக்குத் தவிக்கும் சத்தம். தஸ்லிம் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவில் போய் விழுந்து இரண்டு கைகளாலும் அறைந்தாள்.

கதவு திறந்ததும் முனிராஜின் மேலேயே சாய்ந்தாள். அவர் கையில் கடப்பாரை. பின்னால் கேட் செக்யூரிட்டி. முனிராஜுக்கு மழையிலும் வேர்த்துக் கொட்டியிருந்தது. அவளை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டே படியிறங்கினார். கீழே வந்து தண்ணீர் குடித்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் கேட்டார்.

"உள்ள வேற யாரும்மா இருந்தாங்க?"

தஸ்லிம் மாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேர் தட்டுற சத்தம் கேட்டுது. தேவ்ரே, சாமி சத்தியமா சொல்றேன். ஒரு தட்டு மேல, ஒரு தட்டு கீழ. கீழ தட்டினவங்க உட்கார்ந்துக்கிட்டு தட்டின மாதிரி..."

குடையோடு நின்றிருந்த மேகலா அழ ஆரம்பித்தாள்.

"சரஸ்வதிங்க. எங்ககூட வேலை செஞ்சவ. உத்தனப்பள்ளியிலிருந்து வந்து போயிட்டிருந்தா. போன வருஷம் ஒரு சனிக்கிழமை, எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுற நேரம். ஏதோ காப்பி எடுக்கணும்னு மேல போனா. அந்த ரூமுல தீப்பிடிச்சா அணைக்கறதுக்கு ஒரு கேஸ் வெச்சிருந்தாங்க. கேஸ் வந்தா கதவு தானா மூடிக்கும். தீயே இல்லாம அன்னிக்கு அந்த கேஸ் திறந்துக்கிச்சு, ரூமுல மூச்சு விடக் காத்தே இல்லாம போச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன் கேட்ல. கரன்ட்டும் நின்னுபோச்சு, அப்ப மிஷினுக்கு மட்டும் தனியா பேட்டரி வெச்சிருந்தாங்க. அதுல இருக்குற உதவிப் பட்டனை அழுத்தி அழுத்தி... திரை பூரா அவ விரல் தடம்தாங்க. ட்ரேயில பூரா அவ கை விழுந்த பேப்பரு. விழாம இருக்க அந்தக் கண்ணாடியைத்தான் புடிச்சிருந்திருக்கா. திங்கக்கிழமை வந்து திறந்தோம்."

"அத்தனை தடவை அழுத்தியும் எங்க ஆபீஸ்ல இருந்து யாரும் போன் பண்ணலையா?" என்றாள் தஸ்லிம்.

"ஒருத்தரும் பண்ணலைங்க."

மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போனதும் தஸ்லிம் அதைத்தான் தேடினாள். அந்த மிஷினில் சும்மா சும்மா உதவிப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று மென்பொருள் எப்போதோ கற்றுக்கொண்டிருந்தது. அங்கிருந்து வரும் அழைப்புகளை அவசியமில்லாதவை என்று ஒதுக்கி, யார் கண்ணிலும் படாமல் அடியில் தள்ளிவிட்டது. சரஸ்வதியின் அழைப்புகள் அங்கே கிடந்தன. அவற்றுக்கு மேலே, நேற்றுச் சாயங்காலம் தஸ்லிம் அழுத்தியவை. அவற்றையும் அவசியமில்லாதவை என்றே அது ஒதுக்கியிருந்தது. அவள் அழுத்தியதை விட அவை மிக அதிகமாக இருந்தன.

அவள் மேலாளரின் அறைக்குப் போய் உட்காராமலே பேசினாள்.

"உதவின்னு யார் அழுத்தினாலும் அது நேரா ஒரு ஆளுக்கு வரணும் சார். மிஷின் முடிவு பண்ணக் கூடாது. இல்லைன்னா நான் இதை வெளியில சொல்லுவேன்."

அவர் வாதாடிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். அன்றைக்கே அவள் அதை மாற்றினாள். இனி எந்த மிஷினில் யார் அழுத்தினாலும் அவள் மேஜைப் போன் அடிக்கும். பழைய கட்டடத்து மிஷினை முனிராஜ் வெயில் ஏறிய நேரத்தில், நான்கு ஆட்களோடு போய் எடுத்து வந்தார். குடோனில் வைத்துப் பிரித்துப் போட்டார். வேலை முடிந்ததும் கை கழுவி, "முடிஞ்சுதும்மா" என்று மட்டும் சொன்னார். உத்தனப்பள்ளிக்கும் தஸ்லிம் ஒருநாள் போய்வந்தாள். சரஸ்வதியின் வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவளுடைய அண்ணன், "அவ கூப்பிட்டிருக்கான்னு இப்பத்தான் எங்களுக்குத் தெரியுது" என்றார்.

அதற்குப் பிறகு தஸ்லிமுக்குத் தூக்கம் வந்தது. கிருஷ்ணகிரி வீட்டிலிருந்து வேலைக்குப் பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்க்க முடிந்தது. பயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போனது.

மழைக்காலம் முடிந்து நல்ல வெயில் அடித்த ஒரு முற்பகலில் மேஜைப் போன் அடித்தது. சூளகிரிப் பக்கம் பூ ஏற்றுமதி செய்யும் ஒரு ஆபீஸ். புது வாடிக்கையாளர், புது மிஷின். தஸ்லிம் உடனே அந்த ஆபீஸுக்குப் போன் போட்டாள். எடுத்தவள் தன் பெயர் சுவாதி என்றாள். கலகலப்பான குரல்.

"மேடம், மிஷின் நல்லாத்தாங்க இருக்குது. உங்க ஆளு காலையிலேயே வந்துட்டாங்க, இன்னும் மிஷின் முன்னாடியே நிக்கிறாங்க. டீ குடுத்தோம், தொடவே இல்லை. அதான் என்னன்னு கேக்கலாம்னு உதவிப் பட்டனை அழுத்துனேன்."

"நாங்க யாரையும் அனுப்பலையேம்மா."

"பொம்பளையாளுங்க. உங்க கம்பெனின்னு தான் சொன்னாங்க."

அவர்கள் நிறுவனத்தில் அவளைத் தவிர மிஷின் பார்க்க வெளியே போகும் பெண் வேறு யாரும் கிடையாது.

"பேர் கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. ரொம்ப நேரம் கழிச்சு சொன்னாங்க, மூச்சு வாங்கி வாங்கி." சுவாதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தஸ்லிம்னாங்க."

மறுமுனையில் உருளைகள் சுழலத் தொடங்கும் முனகல் கேட்டது.

"இப்ப என்னையத்தான் பாக்கறாங்க. போனைக் கேக்கறாங்க மேடம். குடுக்கட்டுங்களா?"