எதிர் நாற்காலியின் மைக்

எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. ஆனாலும் கணினித் திரையில் அந்த நாற்காலிக்கு முன்னிருந்த மைக்கின் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல எழுந்து மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது, தூங்குகிறவனின் மார்பைப் போல.

அவன் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினான். கோடு அடங்கியது.

மதியம் மூன்று மணி. பழைய சாமான்கள் போட்டுவைத்திருந்த அறை அது. ஜன்னல் கிடையாது, நான்கு சுவரிலும் சத்தம் புகாத கறுப்புப் பஞ்சுப் பலகை ஒட்டிய பிறகு உள்ளே பகலும் இல்லை, இரவும் இல்லை. கதவில் ஒரு சாண் கண்ணாடி மட்டும். சாமான் அறையாக இருந்த நாளின் தாழ்ப்பாள் இன்னமும் கதவுக்கு வெளியேதான் இருந்தது. இங்கே எந்த மைக்கில் பேசினாலும் சமையலறை ஸ்பீக்கரில் கேட்கும். பதிவு நடப்பது தெரியாமல் மனைவி வாஷிங் மெஷினைப் போட்டுவிடுகிறாள் என்று அவனே மாட்டியது.

"ஊருக்கெல்லாம் கேள்வி கேக்கச் சொல்லித் தர்றீங்க," என்று சற்று முன்புதான் டீயை வைத்துவிட்டுப் போனாள். "வீட்டுல காஸ் தீர்ந்துபோச்சான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

அவனுடைய பாட்காஸ்டில் இது நூறாவது பகுதி. விருந்தினர் யாரும் வரவில்லை. விருந்தினரிடம் நல்ல கேள்வி கேட்பது எப்படி என்று புதியவர்களுக்கு அவனே பாடம் நடத்துகிறான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தொடங்கினான்.

"ஆமா, இல்லைன்னு முடிஞ்சுபோற கேள்வியக் கேக்காதீங்க, அது மோசமான கேள்வி. முதல்ல அவங்க நம்பிக்கையச் சம்பாதிங்க. அவசரமே கூடாது. நம்ம ஆளுன்னு நெனச்சு அவங்களே வந்து உக்காரணும். கேட்டதும் வாய மூடிக்குங்க. மௌனம் வந்தா பயப்படாதீங்க. ஒன்பது வரைக்கும் எண்ணுங்க. தாங்க முடியாம அவங்களே கொட்டிடுவாங்க."

அப்போதுதான் அந்த வாடை வந்தது. முதலில் டீயின் ஆவியோடு கலந்து, பிறகு டீயை அமுக்கிவிட்டு, மூக்கின் அடியில் போய் எரிகிற குளோரின் வாடை. அதன் பின்னாலேயே நனைந்த துண்டை மூட்டை கட்டி மறந்துவிட்டதுபோல் ஒரு புழுக்கம்.

அந்த வாடையை அவனுக்குத் தெரியும். மச்சான் இந்த வீட்டுக்குள் வரும்போதெல்லாம் கூடவே வரும். மனைவியின் தம்பி, நீச்சல் குளத்தில் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றும் லைஃப்கார்டாக இருந்தவன். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா சமையலறையிலிருந்து, "சாப்பிட்டியாடா?" என்பாள். அவள் கேள்வி அது ஒன்றுதான்.

போன வருடம் அந்தக் குளத்தில் ஒரு சிறுமி மூழ்கிப்போனாள். மச்சான் அந்த நேரம் எதிர்முனையில் வேறொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவன்மேல் தப்பில்லை என்று விசாரணையிலேயே சொல்லிவிட்டார்கள். பேச மாட்டேன் என்றவனை, "என்னை நம்பு மாப்ளே, நம்ம வீடுதானே" என்று அழைத்து வந்து எதிர் நாற்காலியில் உட்காரவைத்தது இவன். பேட்டி சப்பென்று இருந்தது. கடைசியில், "நேத்து ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டான்.

"இல்ல மாமா. ஃபோனப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

அவன் போன பிறகு இவன் தனியாக உட்கார்ந்து அந்தக் கேள்வியை அழித்தான். நல்ல கேள்வி ஒன்றைத் தன் குரலில் பதிந்து அந்த இடத்தில் வைத்தான். *அந்தப் பொண்ணு முங்கினப்ப நீ தண்ணியப் பாத்துக்கிட்டு இருந்தியா?*

*இல்ல மாமா. ஃபோனப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.*

நான்கு லட்சம் பேர் கேட்டார்கள். மனைவியும் கேட்டாள். "நிஜமாவே இதையா கேட்டீங்க?" என்றாள். "இதைத்தான் கேட்டேன்" என்றான். மறுநாள் வாசலில் வந்து நின்ற தம்பியிடம் அவள் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கதவைச் சாத்தினாள். மூன்று மாதம் கழித்து, காலையில் குளத்தைத் திறக்க வந்தவர்கள் அவனை அடியில் பார்த்தார்கள். கடைசியாக அவன் முகம் பார்க்கக்கூட அவள் போகவில்லை.

இவன் டீயைத் தள்ளி வைத்தான். பாடம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று போட்டுக் கேட்டான்.

ஹெட்ஃபோனில் முதலில் தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு ஈரமான ஒரு குரல், மிகுந்த மரியாதையோடு கேட்டது.

"ஒருத்தர மூழ்கடிக்கணும்னா என்ன பண்ணணும் மாமா?"

இவனுடைய சொந்தக் குரலே பதில் சொன்னது: "முதல்ல அவங்க நம்பிக்கையச் சம்பாதிங்க. அவசரமே கூடாது."

"தண்ணிக்குள்ள அழுத்திப் பிடிச்சா எவ்வளவு நேரம் ஆகும் மாமா?"

"மௌனம் வந்தா பயப்படாதீங்க. ஒன்பது வரைக்கும் எண்ணுங்க."

நிறுத்தினான். திரையில் பதிவு நின்றது. பச்சைக் கோடு நிற்கவில்லை.

எதிர் நாற்காலியின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. அதன் விளிம்பிலிருந்து சொட்டு. இன்னொரு சொட்டு. தரையில் கால் வைத்தான். சில்லென்றது.

எழ வேண்டும். எழ முடியவில்லை.

"மாமா." இது பதிவு இல்லை. "அன்னைக்கு நீங்க என்கிட்ட கேட்டது என்ன?"

அவ்வளவுதான். அதன்பின் மௌனம். மூச்சுக்கூட இல்லை. ஒன்று. இரண்டு. கணுக்காலில் ஈரம். ஐந்து. அவன் ஒருபோதும் தாங்கியதில்லை, பிறருக்குத்தான் சொல்வான். ஏழு. எட்டு.

"தூக்கம் வந்துச்சான்னு கேட்டேன்!" கத்தினான். "அத அழிச்சுட்டு வேற கேள்விய வச்சேன். நான்தான் வச்சேன். போதுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் சமையலறை ஸ்பீக்கர் நினைவுக்கு வந்தது.

கதவுக் கண்ணாடியில் மனைவியின் முகம். கையில் சோப்பு நுரை. அவள் இவனைப் பார்க்கவில்லை. எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. சத்தம் உள்ளே வராது. ஆனாலும் என்ன கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

சாப்பிட்டியாடா?

ஹெட்ஃபோனில் பதில் வந்தது, அத்தனை பிரியமாக.

"இல்லக்கா. மாமாகிட்ட இன்னும் ஒரே ஒரு கேள்வி இருக்கு."

அவள் தலையசைத்தாள். இவன் பாய்ந்து போய்க் கதவைத் தள்ளினான். அதற்குள் வெளித் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. கண்ணாடியை அடித்தான். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சற்று நேரத்தில் தரை அதிரத் தொடங்கியது. வாஷிங் மெஷின். பதிவு நடக்கையில் அவள் போடவே கூடாத வாஷிங் மெஷின்.

தண்ணீர் முழங்காலில். இடுப்பில். டீ கிளாஸ் மிதந்து வந்து அவன் மார்பில் முட்டியது.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா மாமா?"

ஆமாம், இல்லை என்று முடிந்துபோகிற கேள்வி. மோசமான கேள்வி. அவன் வாயைத் திறந்தான். வாயில் குளோரின்.

எதிரே, தண்ணீருக்கு அடியில், பச்சைக் கோடு அசையாமல் நின்றது. பதிலுக்குக் காத்திருந்தது. ஒன்பது வரை எண்ணும் பொறுமை அதற்கு இருந்தது.