பத்து நாற்பத்தேழு வாரிசு

அம்ப்ரோஸ் ஹ்ருஸ்கா சமையலறைத் தரையில் குப்புறக் கிடந்தார்.

"மாமா?"



லைல் ஸ்வோபோடா குனிந்து அவர் கையைத் தொட்டான். சில்லென்று இருந்தது. சட்டென்று விட்டான்.

ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வா என்று நேற்றுச் சொல்லியிருந்தார். எதற்கென்று சொல்லவில்லை. வந்தால் இப்படி.

செல்போனை எடுத்தான். ஆம்புலன்ஸுக்கு மூன்றே எண்கள். இரண்டை அழுத்திவிட்டான்...

அப்போதுதான் மேஜையில் இருந்த பத்திரத்தைப் பார்த்தான்.

மேஜைக்குப் போக மாமாவைத் தாண்ட வேண்டும். தாண்டினான்.

மாமா காலமானால் வீடும் நூற்றறுபது ஏக்கர் சோளக்காடும் லைலுக்கு. கையெழுத்து இருந்தது. நோட்டரி முத்திரை இருந்தது. இல்லாதது ஒன்றுதான். கவுண்டி அலுவலகத்தின் பதிவு முத்திரை.

மாமா இதைப் பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறார். "இந்த மாதிரிப் பத்திரத்த நான் உசிரோட இருக்கறப்பவே பதியணும்டா. செத்தப்புறம் கொண்டு போனா வெறும் காகிதம்." அப்படி ஆனால் பழைய உயில்தான் செல்லும். அதன்படி எல்லாம் தேவாலயத்துக்கு.

மாமா செத்தது இப்போதைக்கு லைலுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது எண்ணை அவன் அழுத்தவில்லை.

கவுண்டி அலுவலகம் அரை மணி நேர ஓட்டம். இருபது நிமிடத்தில் போனான். அங்கே அவனுக்கு முன்னால் மூன்று பேர். மூன்று பேருக்கும் வேலித் தகராறு. பத்தரைக்குத்தான் அவன் முறை வந்தது.

கவுண்டருக்குப் பின்னால் வில்மா கோசெல். முப்பத்தோரு வருடமாகப் பத்திரம் பதிகிறவள். பக்கத்தில் ஒரு தட்டில் பிளம் பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டி.

"வாங்க லைல் தம்பி. என்ன இப்படி வேர்த்திருக்கு? ஓடி வந்தீங்களா?"

"வண்டியில ஏசி இல்லக்கா."

"ஏப்ரல் மாசத்துல ஏசியா? சரி சரி. கொலாச்சி எடுத்துக்கங்க."

"வேணாங்க்கா. இத மட்டும் சீக்கிரம் பதிஞ்சுடுங்க."

வில்மா கண்ணாடியை மாட்டினாள். படித்தாள். அவள் எதையும் சீக்கிரம் படித்ததாக அந்தக் கவுண்டியில் யாருக்கும் நினைவில்லை.

"அடேங்கப்பா. மொத்தத்தையும் உங்களுக்கே எழுதிட்டாரே."

"பாசம்க்கா."

"போன வருஷம் அவரோட டிராக்டர குளத்துல விட்டீங்களே, அதுக்கப்புறமுமா?"

"அதுக்கப்புறம்தான் ரொம்பப் பாசம்."

"எப்படி இருக்கார்?"

"நல்லா... அசையாம ஓய்வெடுக்கறார்."

"அவரா? நிமிஷம் உக்காராத மனுஷன். பத்திரத்த எப்ப குடுத்தார்?"

"நேத்து சாயங்காலம். அவரே கையில குடுத்தார்."

வில்மா கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்கு மேலாக லைலைப் பார்த்தாள்.

"ஏதாவது குறையாக்கா?"

"பத்திரத்துல ஒண்ணுமில்ல. பதிவு முடிஞ்சதும் மூலத்த யாருக்கு அனுப்பறது?"

"எனக்கே."

"மாமாவுக்கு வேணாமா?"

"அவருக்கு... இனிமே எதுக்குக்கா?"

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு முத்திரையை எடுத்தாள்.

டக்.

காலை மணி 10.47.

லைல் மூச்சை விட்டான். ஒரு கொலாச்சி எடுத்தான். இன்னொன்றும் எடுத்தான்.

"ரசீது வர அஞ்சு நிமிஷம் ஆகும்," என்றாள் வில்மா. "அதுக்குள்ள மெஷின் உங்க மாமாவுக்குப் போன் போட்டுடும்."

கொலாச்சி பாதியில் நின்றது.

"எதுக்கு?"

"கள்ளப் பத்திரம் பெருகிப் போச்சு இல்லையா? யார் நிலத்துல எது பதிவானாலும் அவங்களுக்குத் தானா போன் போகும். எடுக்கற வரைக்கும் விடாது."

லைல் யோசித்தான். போகட்டும். எடுக்கத்தான் ஆள் இல்லையே.

"அவருக்குக் காது மந்தம்க்கா. எடுக்க மாட்டார்," என்று சொல்லிவிட்டு மிச்சத்தை வாயில் போட்டான்.

ரசீது வந்தது. மடித்துப் பையில் வைத்தான். கதவுப் பக்கம் திரும்பினான்.

வில்மாவின் மேஜைப் போன் அடித்தது.

"பத்திரப் பதிவு அலுவலகம்... யாரு? அட, அம்ப்ரோஸா! இப்பதான் உங்களப் பத்திப் பேசிட்டிருந்தோம்..."

லைலுக்குப் புரையேறியது.

"ஆமா, இங்கதான் நிக்கறார்... சரி, சொல்றேன்." போனை வைத்தாள். "தம்பி, உங்கள இருக்கச் சொன்னார்."

ஓடலாமா? ஓடினால் தன்னைத்தானே காட்டிக்கொடுத்த மாதிரி. உட்கார்ந்தான். யோசிக்க யோசிக்கத் தைரியம் வந்தது. மாமா உயிரோடு இருந்தால் பத்திரம் இன்னும் பலம். தான் அங்கே போனதை யார் பார்த்தது?

முக்கால் மணி நேரம் கழித்துப் பக்கத்துப் பண்ணைக்காரர் டிரக்கிலிருந்து அம்ப்ரோஸ் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. கையில் பாதி காலியான ஜாம் பாட்டில்.

"மாமா! என்னாச்சு மாமா?"

"இன்சுலின் போட்டேன். சாப்பிட மறந்துட்டேன். சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துட்டேன்." ஜாமை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டார். "சட்டைப் பையில இந்தப் போன் கத்தின கத்துல முழிச்சேன். இல்லன்னா அப்படியே போயிருப்பேன்."

"கடவுளே! எனக்குத் தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேனே."

"நீ காலைல வீட்டுக்கு வரவே இல்லையா?"

"இல்ல மாமா. நேரா இங்க வந்துட்டேன். நீங்கதான் நேத்தே பத்திரத்தக் குடுத்துட்டீங்களே. மயக்கத்துல மறந்திருப்பீங்க."

அம்ப்ரோஸ் வில்மாவைப் பார்த்தார்.

வில்மா பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி லைலின் முன்னால் வைத்தாள். விரலால் நோட்டரி முத்திரையைத் தொட்டுக் காட்டினாள்.

அதில் இன்றைய தேதி.

"காலைல எட்டு மணிக்கு நோட்டரி வீட்டுக்கு வந்து முத்திரை போட்டுட்டுப் போனாங்க," என்றார் அம்ப்ரோஸ். "அதுக்கப்புறம்தான் விழுந்தேன். அதுக்கும் அப்புறம்தான் நீ இத எடுத்திருக்கணும்."

லைல் தேதியை மறுபடி படித்தான்.

"உன்ன ஒன்பது மணிக்கு எதுக்கு வரச் சொன்னேன்னு நினைச்ச? ரெண்டு பேருமா வந்து பதியலாம்னுதான்."

ஜாம் கரண்டி பாட்டிலில் இடித்தது.

"வில்மா, எழுதினத ரத்து பண்ண ஏதோ படிவம் இருக்காமே?"

"இருக்கு. அதையும் நீங்க உசிரோட இருக்கறப்பவே பதியணும்."

"அதான் அவசரமா வந்தேன்."

அவர் முப்பது வினாடியில் கையெழுத்துப் போட்டார். வில்மாவிடமே நோட்டரி முத்திரை இருந்தது. அதைப் போட்டாள். பிறகு பதிவு முத்திரை.

டக்.

11.52.

லைல் மெல்ல எழுந்தான். "அக்கா... அப்ப என் பத்திரத்தக் கிழிச்சுடுவீங்களா?"

"கிழிக்கறதா? இங்க பதிஞ்ச எதையும் நாங்க அழிக்கறதில்ல தம்பி. உங்க பத்திரமும் இருக்கும், அதோட ரத்தும் இருக்கும். ஊர்ல யார் வேணா வந்து பார்க்கலாம்." வில்மா கண்ணாடியைக் கழற்றினாள். "ஒரு மணி அஞ்சு நிமிஷம் நீங்க வாரிசா இருந்திருக்கீங்க. ஃப்ரேம் போட்டு மாட்ட ஒரு நகல் எடுத்துத் தரட்டுமா?"