வேலனுக்குப் பூசிய மருந்து

வாசமில்லாத கிறீம் என்றுதான் பெட்டியில் போட்டிருந்தது. பூசி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தனுசனின் இடது கை கடல் நாறியது. மீன் நாற்றமோ வியர்வை நாற்றமோ அல்ல. ஆழத்தில் நெடுநாள் கிடந்த கயிற்றை எடுத்து வெயிலில் போட்டால் எழும்புமே, அந்தப் பாசி நாற்றம். அவன் கடலுக்குப் போவதை விட்டு இரண்டு மாதமாகிறது. இப்போது திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறான், கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் தங்குகிறான். கடல் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை.

கையில் இருந்தது வேலனின் முகம். பச்சை குத்தி அன்று ஐந்தாம் நாள்.

இருவரும் ஈச்சிலம்பற்றுக்காரர். ஒரே படகில் கடலட்டை பிடிக்கப் போனவர்கள். வேலன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கீழே இறங்குவான், தனுசன் மற்ற நுனியைப் பிடித்தபடி படகில் இருப்பான். ஒரு நாள் படகு தனுசனோடு மட்டும் திரும்பியது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்றான், ஊரும் நம்பியது. மூன்றாம் நாள் உடல் வெருகல் முகத்துவாரத்தில் ஒதுங்கியது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று சாம்பலைக் கடலில் கரைக்கும்போது வேலனின் தாய் தங்கமுத்து ஒரு சிட்டிகை மட்டும் எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். அடுத்த கிழமை அதோடு தனுசனிடம் வந்தாள்.

"கடலுக்கு ஒருக்காக் குடுத்தது காணும்," என்றாள். "மிச்சத்தை உன்ர கையில வச்சிரு தம்பி."

மையில் சாம்பலைக் கலந்து, அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து, முகமாகவே குத்த வேண்டுமாம். ஏலாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் கையை நீட்டினான். மூளை இருந்திருந்தால் அன்றைக்கே கொழும்புக்கு பஸ் ஏறியிருப்பான்.

மழை கொஞ்சம் விட்டதும் பாமசிக்கு நடந்தான். பாமசிக்காரர் பஸ்லான் நானா நல்ல மனிதர், வாய் கொஞ்சம் கூட. முதல் மூன்று நாளும் பெற்றோலியம் ஜெலி பூசச் சொல்லி, நாலாம் நாளிலிருந்து இந்த வாசமில்லாத கிறீமுக்கு மாற்றியவர் அவர்தான். சவுக்காரமும் வாசமில்லாததாக இருக்க வேண்டும், துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், வெயிலும் கடல் தண்ணீரும் படக்கூடாது, பொருக்கைக் கிள்ளவே கூடாது என்று பாடம் நடத்தியிருந்தார். தனுசன் ஒன்றையும் பிழைவிடவில்லை. கிறீம் நாறுகிறது, வேறு தாருங்கள் என்று கேட்டான். நானா டியூபைத் திறந்து மணந்து பார்த்தார். ஒரு மணமும் இல்லை என்றார். கையைப் பார்க்க வேண்டும் என்று அவனை விளக்கடிக்கு இழுத்தார்.

"நல்லாத்தானே ஆறுது. சிவப்புமில்ல, சீழுமில்ல." கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் குனிந்தார். "ஆள் ஆரு தம்பி? வாயத் துறந்து என்னமோ செல்ல வாற மாதிரிக் கிடக்கு."

அடையாள அட்டைப் படத்தில் யாருடைய வாய்தான் திறந்திருக்கும்? வேலனின் உதடுகள் இறுக மூடியிருந்தன. குத்தி முடித்த அன்றும் மூடித்தான் இருந்தன. இப்போது இரண்டு கோடுகளுக்கும் நடுவே அரிசி மணி அளவுக்கு ஓர் இடைவெளி. பொருக்குத் தடித்தால் அப்படித் தோன்றும் என்று நானா சமாதானம் சொன்னார். தனுசன் புண்ணுக்குப் போடுகிற அன்ரிபயோட்டிக் களிம்பு ஒன்றைக் கேட்டான். தேவையில்லாததைப் பூச வேண்டாம், வேண்டுமென்றால் டொக்டரிடம் காட்டு என்றார் அவர். தனுசன் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தான்.

அறை வாசலில் தங்கமுத்து குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். பச்சை குத்திய நாளிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தன் தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறாள். பின்னேரம் ஐந்தரைக்குத் தவறாமல் வருவாள். கையைக் கழுவுவாள். கதிரையில் அவனை இருத்தி, அவன் இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, விரல் நுனியில் மருந்தைத் தொட்டு, குழந்தைக்கு எண்ணெய் வைப்பதைப்போல நெற்றியிலிருந்து தொடங்குவாள். புருவம். கன்னம். காதுமடல். என் பிள்ளைக்குப் பின்னேரம் நான்தான் பூசுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். தனுசனின் முகத்தை அவள் பார்ப்பதேயில்லை, பார்வையெல்லாம் கையில்தான். அவள் விரல் உதட்டுக்குக் கிட்ட வந்ததும் நிற்கும், சுற்றிப் போகும்.

அன்றைக்கும் சுற்றிப் போனது. வாயில் ஏன் பூசுவதில்லை என்று அவன் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

"மருந்து அடைச்சால் அவன் என்னெண்டு கதைக்கிறது?" என்றாள் தங்கமுத்து, சாதாரணமாக.

அவள் போனபின் கையை விளக்கடியில் பிடித்து அந்த இடைவெளியைப் பார்த்தான். கதைத்தால் என்ன சொல்வான் என்று தனுசனுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று தரம் இழுத்தால் தூக்கு. அவ்வளவுதான் அவர்களுடைய ஏற்பாடு. அன்று வேலன் கீழே இருக்கும்போது தூரத்தில் நேவிப் படகின் இன்ஜின் சத்தம் கேட்டது. அட்டை பிடிக்க இருவரிடமும் பெர்மிட் இல்லை. பிடிபட்டால் படகும் போகும், அவனும் உள்ளே போவான். அந்நேரம் பார்த்துக் கயிறு இழுபட்டது. மூன்று தரம். ஓர் ஆளைத் தூக்கியெடுக்க நேரம் வேண்டும். மறுபடி மூன்று. இன்ஜின் சத்தம் கிட்ட வந்தது. பிறகு இழுப்பு எண்ண முடியாமல் வந்தது, அவன் உள்ளங்கை உரிந்தது. கத்தியை எடுத்தான். பாவி.

ஆறாம் நாள் காலையில் இடைவெளி விரல் நுழையும் அளவுக்கு இருந்தது. கடைக்குப் போகவில்லை. கதவைப் பூட்டினான். மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டியது, பகல் விளக்கு வைக்கும் நேரம்போல இருண்டிருந்தது. அந்த வாயை மட்டும் அழித்துவிட வேண்டும். ஒரு தழும்பு விழுந்தால் போதும், கேட்பவர்களுக்குப் புண் பழுத்துவிட்டது என்று சொல்லலாம். பொருக்கின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துக் கிளப்பினான். மூடி கழல்வதுபோல முழுதாக வந்தது.

இரத்தம் வரவில்லை. சதையும் தெரியவில்லை. கறுத்த ஓட்டை. ஈரம். தண்ணீர் கசிந்து மணிக்கட்டுக்கு ஓடியது. நக்கிப் பார்த்தான், ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. உப்பு.

களிம்பு டியூப் முழுவதையும் அதற்குள் பிதுக்கினான். மேலே பொலித்தீன் தாளைச் சுற்றினான். இரண்டு சுற்று. ஐந்து சுற்று. பிசின் நாடாவால் ஒட்டினான். கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

மத்தியானம் தாளுக்கு அடியில் ஒரு குமிழி வந்தது. உடைந்தது. இன்னொன்று. பிறகு தாள் மெல்ல மேலே உப்பியது. உள்ளே ஒட்டியது. உப்பியது. ஒட்டியது. தாள் ஒட்டும்போதெல்லாம் அவன் நெஞ்சு காலியாகிக்கொண்டு போனது. எவ்வளவு இழுத்தும் காற்று உள்ளே இறங்கவில்லை.

ஐந்தரைக்குக் கதவு தட்டப்பட்டது. மூன்று தரம்.

அவன் திறக்கவில்லை. திறக்க எழும்பவே முடியவில்லை. ஆனால் கை எழும்பியது. இடது கை, தானாக நீண்டு, அவனைக் கட்டிலிலிருந்து நிலத்தில் இழுத்துப்போட்டு, சீமெந்துத் தரையில் இழுத்துக்கொண்டு போய், தாழ்ப்பாளைத் தள்ளியது.

தங்கமுத்து உள்ளே வந்தாள். கையைக் கழுவினாள். கதிரையில் தான் இருந்துகொண்டு, தரையில் கிடந்தவனின் கையை மடியில் எடுத்து வைத்துப் பொலித்தீனைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். சேலைத் தலைப்பால் களிம்பை வழித்தெடுத்தாள். உள்ளேயிருந்து கடல் தண்ணீர் குபுக்கென்று வந்து அவள் மடியை நனைத்தது. பிறகு ஒரு மூச்சு. நீண்ட மூச்சு. தனுசனுடையது அல்ல.

அவள் குனிந்து அந்த வாயில் காதை வைத்தாள். வெகுநேரம் கேட்டாள். தனுசன் தலையை ஆட்டி மறுக்கப் பார்த்தான், வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. உள்ளே போக ஒரு துளிக் காற்றும் இல்லை.

"ஓம் மகன்," என்றாள் கையிடம். "எனக்கு அண்டைக்கே தெரியும். உன்ர இடுப்பில மிஞ்சிக் கிடந்த கயித்து நுனியைப் பாத்தனான், கடல் அவிழ்த்த கயித்தில கத்தி வெட்டு இராது."

தன் பையிலிருந்து பெற்றோலியம் ஜெலியை எடுத்துத் திறந்து விரலில் தொட்டாள். இந்த முறை விரல் சுற்றிப் போகவில்லை. வெடித்திருந்த உதடுகளில், மேலுதட்டில் முதலில், பிறகு கீழுதட்டில், மெல்லியதாகப் பூசிவிட்டாள்.

"மெதுவா இழு ராசா. எல்லாம் உனக்குத்தான்."

தனுசனின் வாய் கரையில் போட்ட மீனைப்போல் திறந்து மூடியது. அவன் கையிலிருந்த வேலன் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.