கன்னத்துப் பொட்டும் எரிமானியும்

லிஃப்ட் கதவு திறந்ததும் ரித்விக்கின் கைக்காப்பு 'ம்ம்ம்' என்று முனகியது. கையைச் சட்டென்று பைக்குள் விட்டுக்கொண்டான். பயனில்லை. எதிரே நின்ற பக்கத்து வீட்டு ஹர்ஷனுக்குக் கேட்டுவிட்டது.

"என்ற பையன் ஒரு பல்டி அடிச்சதுக்கே உங்களுக்கு நாப்பது எரிங்களா?" என்றான் ஹர்ஷன், தன் காப்பைப் பார்த்து. "ரொம்ப நன்றிங்க. கழகத்துக் கணக்குல ஏறிருச்சு."

மகன் வேலப்பன் அப்போதுதான் பின்பல்டி அடித்து, சத்தமே இல்லாமல் தரையிறங்கி, வரி வசூலிக்க வந்தவன் முகத்தோடு நின்றான்.

நட்சத்திர மதிப்பீடுகள் செத்து வெகுநாளாகிவிட்டது. எல்லாக் கடைக்கும் எல்லாப் பள்ளிக்கும் இயந்திரங்களே ஐந்து நட்சத்திரம் எழுதித் தள்ளியபோது, எதை நம்புவதென்று ஊர் தவித்தது. கடைசியில் ஒரு கோயம்புத்தூர்க்காரர்தான் கண்டுபிடித்தார்: மனிதன் பாராட்டைப் பொய்யாகச் சொல்வான், வயிற்றெரிச்சலைப் பொய்யாகப் படமாட்டான். அப்படிப் பிறந்தது எரிமானி. காப்பின் முகப்பில் கடுகளவு கண்ணாடிக் கண். அது நாம் எதைப் பார்க்கிறோம் என்று பார்க்கும். உள்ளே இருப்பது நாடியைப் படிக்கும். பந்தியில் அடுத்தவர் இலையில் நம்முடையதைவிடப் பெரிய வடை விழுந்தால் வருவது ஓர் எரி. மீதியை அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். யார் மீது எரிந்தோமோ அவர்களுடைய கடைக்கு, பள்ளிக்கு, மருமகனுக்கு அது மதிப்பாகச் சேரும். புது வீடுகளில் திருஷ்டிப் பூசணி கட்டுவது நின்றுபோய், 'கண் வையுங்கள்' என்று பலகை மாட்டத் தொடங்கினார்கள்.

வேலப்பன் போகும் விண்தாவு ஜிம்னாஸ்டிக்ஸ் கழகம் அந்த வட்டாரத்திலேயே முதலிடம். அதில் கணிசமான பங்கு ரித்விக்கின் சொந்த வயிற்றிலிருந்து போனது என்பது அவனுக்கும் தெரியும்.

"நம்ம நாச்சியை அங்க மாத்தோணும்" என்றான் மனைவி தன்யாவிடம்.

"அவ ரோசலின் டீச்சர்ட்ட பல்டி பழகிட்டு சந்தோஷமாத்தான இருக்கறா?"

"சந்தோஷத்துக்கு எத்தன எரிங்கறேன்? அந்தத் தகரக் கொட்டாய்க்கு மதிப்பு அரை எரி. அதுவும் பக்கத்து மாவு மில்லைப் பாத்து வந்ததா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை விண்தாவு கழகத்துத் தேர்வுக்குக் கிளம்பும்போது தன்யா மகளின் கன்னத்தில் கண்மையால் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். நாச்சியோ ரோசலின் டீச்சர் கொடுத்த, கொட்டாயின் சின்னமான சிட்டுக்குருவி போட்ட மஞ்சள் பனியனைத்தான் போடுவேன் என்று அடம் பிடித்தாள்.

காரில் ரித்விக் கைக்குட்டையை நனைத்துப் பொட்டைத் துடைத்தான்.

"ஏம்ப்பா அழிக்கறீங்க?"

"எல்லாரும் உன்னப் பாக்கோணும் கண்ணு."

"பாக்கக்கூடாதுன்னுதான அம்மா வெச்சாங்க?"

"அது வேற காலம் சாமி."

விண்தாவு கழகத்தில் தேர்வாளர் என்று யாரும் இல்லை. பெற்றோர் மாடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் கீழே செய்து காட்டுவார்கள். மாடத்து வயிறுகள் எரிவது சுவரில் எண்ணாக ஓடும். அதிகம் எரியவைக்கும் பிள்ளைக்கு இடம். ஒரு பெண் பீம் கட்டையிலிருந்து வழுக்கி விழுந்தாள். அவள் அப்பா அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

நாச்சி ஏறினாள். பாதி தூரம் நடந்தாள், கைகளை விரித்துத் தள்ளாடினாள், உருளைக்கிழங்கு மூட்டை போல மெத்தையில் விழுந்தாள். ரித்விக் கண்ணை மூடிக்கொண்டான்.

"பொத்!" என்று கத்தினாள் நாச்சி.

அது ரோசலின் டீச்சர் கொட்டாய் வழக்கம். விழுந்தவர் 'பொத்' என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் 'எந்திரி' என்று கூவ வேண்டும். இங்கே யாரும் கூவவில்லை. நாச்சி கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். பிறகு தானே "எந்திரி" என்று சொல்லிக்கொண்டு, தன் நிலைமையை நினைத்தோ என்னவோ, விழுந்து விழுந்து சிரித்தாள்.

மண்டபத்தின் மறுகோடியிலிருந்து இன்னொரு சிரிப்பு கேட்டது. வேலப்பன். வரி வசூல் முகம் கலைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மாடத்தில் முதலில் முனகியது ஹர்ஷனின் காப்பு. பிறகு பக்கத்தில் ஒன்று, பின்னால் ஒன்று. தேன்கூட்டைக் கலைத்தது போல மண்டபமே முனகியது. சுவரில் எண் இடமில்லாமல் அடுத்த வரிக்கு இறங்கியது.

"என்ற பையன் சிரிச்சு எத்தனை நாளாச்சுங்க" என்றான் ஹர்ஷன். குரலில் வழக்கமான மிதப்பு இல்லை. "உங்க புள்ளைக்கு விழுந்தாக்கூட சிரிப்பு வருது. எப்படிங்க?"

கழக நிர்வாகி ஓடிவந்து அங்கேயே இடம் தருவதாகச் சொன்னார். "யோசிச்சுச் சொல்றேங்க" என்றான் ரித்விக், கடையே தன்னுடையது என்பது போல. வாழ்க்கையில் முதல் தடவையாக எரிவது அவன் வயிறு இல்லை. அந்தக் குளிர்ச்சி பழனி பஞ்சாமிர்தத்தைவிட இனித்தது. யோசிக்க எதுவுமில்லை, நாச்சி அந்தச் சிரிப்பைப் பழக்கிய கொட்டாயிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தான்.

ஒன்றை மட்டும் யோசிக்க மறந்துவிட்டான். அத்தனை காப்புகளின் கண்ணாடிக் கண்களும் பார்த்தது அந்தப் பனியனில் இருந்த சிட்டுக்குருவியை.

அடுத்த வாரம் நாச்சியைக் கூட்டிப்போனபோது கார்களின் வரிசை மாவு மில்லைத் தாண்டி நின்றது. கொட்டாய்க்குள் மூங்கிலில் அவசர மாடம். கீழே புதுப் பிள்ளைகள் வரிசையாகப் பீம் மேல் ஏறி, வரிசையாக விழுந்து, "பொத், பொத்" என்று ஒப்பித்தார்கள். மேலிருந்து ஓர் அம்மா, "பல்லு தெரியச் சிரி தம்பி" என்றாள்.

ரோசலின் டீச்சர் தலையில் கை வைத்திருந்தார். "விழறதுக்குத் தனி வகுப்பு கேக்கறாங்க நாச்சிப்பா. நடக்கக் கத்துக்க ஒருத்தரும் வரல."

நாச்சியின் முறை வந்தது. தள்ளாடி விழுந்தாள். விழுந்ததும் முதலில் மாடத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகுதான் "பொத்" என்றாள். அதற்குப் பிறகுதான் சிரித்தாள். சிரிப்பு ஒரு மூச்சு தாமதமாக வந்தது.

ரித்விக்கின் காப்பு முனகத் தொடங்கியது. கண்ணாடிக் கண் கொட்டாய் முழுவதும் தேடிப்பார்த்தது. ரித்விக் எரிந்தது போன வாரக் கொட்டாயின் மீது, அங்கே யாரும் பார்க்காமல் விழுந்துகொண்டிருந்த தன் மகள் மீது. அது எங்கே கண்ணுக்குத் தெரியும்? 'பொருள் தெரியவில்லை' என்று எழுதிவிட்டுக் காப்பு அடங்கியது.

மறுநாள் காலை தன்யா கண்மைச் சிமிழோடு உட்கார்ந்திருந்தாள். நாச்சி கன்னத்தைக் காட்டினாள். பொட்டு வைத்து முடிந்ததும் ரித்விக் சிமிழை வாங்கினான். விரல் நுனியில் கொஞ்சம் மை எடுத்து, காப்பின் கண்ணாடிக் கண் மேல் அழுத்தி வைத்தான். கண் அவிந்தது.

"என்னங்க இது?" என்றாள் தன்யா.

"நான் பாத்தது போதும்னுதான்."

நாச்சியோடு ரித்விக் ஏறிய லிஃப்டில் ஹர்ஷனும் வேலப்பனும் இருந்தார்கள். ஹர்ஷன் பழக்கதோஷத்தில் மகனைப் பற்றி ஏதோ பெருமை சொல்லிவிட்டு ரித்விக்கின் கையைப் பார்த்துக் காத்திருந்தான். முனகல் வரவில்லை.

"காப்பு ரிப்பேருங்களா?" குனிந்து பார்த்தான். கருப்புப் பொட்டு. "ஓ. புது மாடலுங்களா? நிம்மதியா நிக்கறீங்க. எந்தக் கடைல போட்டீங்க?"

கேட்டு முடிப்பதற்குள் அவன் காப்பு முனகியது. அவன் கண் அந்தப் பொட்டை விட்டு நகரவே இல்லை.

அதனால், கீழே இடுப்பளவு உயரத்தில் வேலப்பன் ரகசியமாக "பொத்" என்றதும், நாச்சி "எந்திரி" என்றதும், இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதும் அவனுக்குத் தெரியாமலே போயிற்று.