மேட்டைப் பார்த்து நின்ற ஜீப்

சக்குபள்ளத்தில் அன்று பொழுது விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. பனிமூட்டம் மெக்கானிக் பாஸ்கலின் ஒர்க்‌ஷாப் வாசல்வரை வந்து நின்றது. கயிறு கட்டி இழுத்து வந்த பழைய ஜீப்பின் பக்கத்தில் ஜெஸ்னா நின்றாள். அதை ஓட்டியவன் அவள் புருஷன் சகாயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் ஆளைக் காணோம். நாளை திங்கள். எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடிக்கும்போது செத்துப்போன பெண்ணைப் பற்றி, சூப்பர்வைசர் தங்கதுரைக்கு எதிராக அவன் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கவேண்டிய நாள்.

"அவர் உயிரோட இருக்காரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கண்ணே," என்றாள் பாஸ்கலிடம்.

கூட வந்திருந்த ஏட்டு ஜோபி கேஸையே முடித்துவிட்ட முகத்தோடு இருந்தார். "தங்கதுரை சொல்லிட்டாருல்ல. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு எஸ்டேட் முற்றத்துல சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணி, கம்பத்துக்குப் போறேன்னு கிளம்பியிருக்கான். தமிழ்நாட்டு பார்டர் ஏத்தத்துல நிப்பாட்டிட்டுத் திரும்ப எடுக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் மக்கர் பண்ணிருச்சு. வண்டியைப் போட்டுட்டு பஸ் ஏறிட்டான்."

ஜெஸ்னாவின் முகம் சுண்டிப்போனது. இந்த மனுஷனுக்கு வாயை எப்போது மூட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பாஸ்கல் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகினார். 'டிக்' என்று ஒரே சத்தம். லைட் கொஞ்சமும் மங்கவில்லை. "பேட்டரி நல்லா இருக்கு." ஸ்பேனரால் மோட்டாரை இரண்டு தட்டு தட்டி, ஜோபியைத் திருகச் சொன்னார். அதே டிக். "கொஞ்சம் உயிர் இருந்தாலும் இந்தத் தட்டுக்கு ஒரு சுத்தாவது சுத்தும்."

மோட்டாரைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே கார்பன் அடிவரை தேய்ந்திருந்தது. அது உரசுகிற செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. "தினமும் சுத்துற செம்பு பளபளன்னு இருக்கும் சாரே. இது நின்னு வாரக்கணக்காச்சு."

"மூணு வாரம்ணே," என்றாள் ஜெஸ்னா. "எறக்கத்துல நிப்பாட்டி, உருட்டித்தான் ஸ்டார்ட் பண்ணுவாரு. எறக்கம் இல்லாத எடத்துல இஞ்சினை அணைக்கவே மாட்டாரு."

"பார்டர்ல வண்டி எப்படி நின்னுச்சு சாரே?"

"மூக்கு மேட்டைப் பாத்து. பின்னாடி பாறை. எந்தப் பக்கமும் உருட்ட முடியாது." சொல்லி முடித்ததும் ஜோபி, "எஸ்டேட்டுக்குப் போவோம்," என்று கிளம்பினார்.

எஸ்டேட் முற்றம் கேரம் போர்டு மாதிரி சமதளம். அதன் ஓரத்தில், வருஷக்கணக்காக யாரும் திறக்காத பழைய ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். துருப்பிடித்த இரும்புக் கதவில் பூட்டு மட்டும் புதுசு. தங்கதுரை மூவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். யாரும் உட்காரவில்லை.

"சகாயம் இங்க வண்டி எடுத்ததை நீங்க கண்ணால பாத்தீகளா?" என்றார் பாஸ்கல்.

"பாத்தேன். ஒரே திருப்புல எடுத்துச்சு."

"மூணு வாரமா செத்துக் கிடக்குற மோட்டாரு." பாஸ்கல் குரலை உயர்த்தவில்லை. "சகாயம் இஞ்சினை ஓடவிட்டுத்தான் இங்க எறங்கியிருப்பான். ஓடிக்கிட்டிருந்த வண்டியில வேற ஆள் ஏறிட்டான். அந்த ஆளுக்கு மோட்டார் சங்கதி தெரியாது. கம்பத்துக்குப் போற மாதிரி மேட்டைப் பாத்து நிறுத்தி, இஞ்சினையும் அணைச்சிட்டான். இந்த மலையில மோட்டார் போன வண்டியை அப்படி நிறுத்துற டிரைவர் கிடையாது."

"யார் வேணா எடுத்திருக்கலாம்."

"எடுத்திருக்கலாம். ஒரே திருப்புல எடுத்ததைப் பாத்தேன்னு சொன்னது நீங்க மட்டுந்தான்."

தங்கதுரையின் கண் ஒரு கணம் இரும்புக் கதவுக்குப் போய் வந்தது. ஜோபி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் ஜெஸ்னா அந்தக் கதவுக்கு ஓடியிருந்தாள்.

பாஸ்கல் ஸ்பேனரால் கதவை இரண்டு தட்டு தட்டினார். சத்தமில்லை. ஜெஸ்னா காதைக் கதவில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி தட்டினார்.

உள்ளேயிருந்து, தரையோரமாக, பலவீனமாக ஒரு தட்டு.

ஜெஸ்னா அங்கேயே உட்கார்ந்து, "நாந்தான், நாந்தான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பாஸ்கல் அதே ஸ்பேனரால் பூட்டை உடைக்க ஆரம்பித்தார்.