ஆடுகாலில் கட்டிய அன்ரெனா

வீட்டுக்குள் நான்கு ரீவிகளிலும் படம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, மாட்டுக்கொட்டிலில் வைத்த பழைய ரீவியில் மட்டும் அது மேலே போய்க் கீழே வந்தது. ஒரே சீராக, ஆள் நடக்கிற தாளத்தில்.

"உங்கை இருந்து பாக்கிறவைக்கு உது காணும்," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

ஜெர்மனியிலிருந்து மகன் ரீவிகளையும் கிடாரம் போன்ற அன்ரெனாவையும் அனுப்பியபோதே, யார் எங்கே குந்துவது என்று அவர் தீர்மானித்துவிட்டார். ஹோலில், இன்று பின்னேரம் மகளைப் பெண்கேட்டு வரும் கரவெட்டிச் சம்பந்திமார். அறையில் பெண்கள். விறாந்தையில் அயலட்டை. குசினியில் சமைக்க வந்தவர்கள். கொட்டிலில், வாசற்படி மிதிக்கக்கூடாத சாதிகள். ஆகாயத்திலிருந்து வருகிற படமும் அவருடைய வளவில் ஆள் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

குருநகரிலிருந்து வந்த வயர்காரன் பிலிப்பு தலையைச் சொறிந்தான்.

"எல்லாம் ஒரு வயர், ஐயா. ஒண்டிலை வாறதுதான் மற்றதிலையும் வரும். இதிலை மட்டும் ஆடக்கூடாது. அன்ரெனாவை நிலத்திலை கொங்கிறீட் போட்டு நிப்பாட்டுவம் எண்டு சொன்னனான். நீங்கள்தான் கேக்காமல் ஆடுகாலிலை கட்டச் சொன்னீங்கள்."

"ஆடுகால் முதிரை மரம். உன்ரை கொங்கிறீட்டை விட நிக்கும். போய்ச் சாப்பிடு."

ஆடுகால் என்பது கிணற்றடியில் துலா என்ற நீண்ட ஏற்றமரத்தைத் தாங்கி நின்ற இரட்டை மரம். அந்தத் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து இவருடைய புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தே தேய்ந்தவன் ஏரம்பு. துலா உளுத்துப்போச்சு, மாத்துங்கோ என்று அவன் கேட்டதற்கு, உன்ரை எலும்பைத் தாங்க உது காணும் என்றார். போன தையில் துலா முறிந்து கிணற்றுக்குள் போனான். இவர் செத்தவீட்டுக்குப் போகவில்லை. முறிந்த துலாவை விறகாக்கினார், வாட்டர் பம்ப் வாங்கினார். பம்ப் வாய் காட்டாது என்று சந்தியில் சொல்லிச் சிரித்தார்.

பொழுது மங்கியது. மழைக்கு முட்டிய வானத்தின் கீழே புழுக்கம் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ள, அதனோடு பாசி மணமும் அடிக்கிணற்றுச் சேற்று மணமும், பாரம் தாங்காத மரம் முனகுவது போன்ற நீண்ட கிறீச்சும் எங்கிருந்தோ சேர்ந்து வந்தன.

"ஐயா, இதுக்குள்ளையும் ஆடுது," என்றாள் குசினியிலிருந்து நல்லம்மா.

"நீ அடுப்பைப் பார்."

பிறகு விறாந்தை ரீவி ஆடியது. பிறகு அறையில் இருந்தது. "இஞ்சாருங்கோ," என்று மனைவி ஞானாம்பிகை கூப்பிட்டாள். "நிலமெல்லாம் ஈரமாக் கிடக்கு. ஆர் ஈரக் காலோடை வந்தது?"

குசினி வாசற்படியில் தொடங்கி விறாந்தையால் அறைக்குப் போயிருந்தன ஈரக் காலடிகள். விரல் அகன்ற, வெடித்த பாதங்கள்.

எளிய நாய், செத்தும் தன்ரை இடம் தெரியேல்லை. அப்படித்தான் நினைத்தார்.

ஹோல் ரீவி ஆடத் தொடங்கியது.

படலையில் கார் நின்றது. சம்பந்திமார். இந்த அசிங்கத்தை அவர்கள் பார்த்தால் மகளின் கலியாணம் இன்றோடு சரி. அவர் பின்பக்கத்தால் ஓடினார். கிணற்றுக் கட்டில் ஏறினார். அன்ரெனாவின் வயரைப் பிடித்து இழுத்தார்.

வயர் வரவில்லை. கை விடவும் இல்லை.

காலடியில் ஏதோ தாழ்ந்தது. மரம். வழுவழுத்த, நீண்ட மரம். இரண்டடி முன்னே வைத்தார். அவர் வைக்கவில்லை, கால்கள் வைத்தன. கீழே வாளி தண்ணீரில் முட்டியது. கால்கள் திரும்பின. பின்னே. முன்னே.

"ஞானம்," என்று கத்தினார். வாயிலிருந்து மரக் கிறீச்சுத்தான் வந்தது.

யன்னலுக்குள் ஹோல் வெளிச்சமாகத் தெரிந்தது. சம்பந்திமார் வந்து இருந்துவிட்டார்கள். எல்லோரும் ரீவியைப் பார்த்தார்கள். ஒருவர் விரலை நீட்டி எதையோ காட்ட, மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவருடைய சாய்மனைக் கதிரையில் ஆள் இருந்தது. அவருடைய பட்டு வேட்டி. அவருடைய சால்வை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஞானாம்பிகை வெள்ளிப் பேணியில் தேத்தண்ணீர் கொண்டுபோய் இரண்டு கையாலும் கொடுத்தாள்.

முன்னே. பின்னே.

மகள் வந்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். பாசி தொங்கிய, விரல் அழுகிய அந்தக் கால்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.