மார்ட்டினுக்கு ரிலீஃப்

புயல் கரையைக் கடந்த மறுநாள். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய பழைய கிடங்குக்கு ரேணுகா வந்து உட்கார்ந்து முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. அவள் போலீஸ் ஒயர்லெஸ் ஆபரேட்டர். ரோட்டில் தண்ணீர் நின்றதால் ரிலீஃபுக்கு வர வேண்டிய மாற்று ஆள் இன்னும் வந்து சேரவில்லை. சுவரெல்லாம் உப்பு பூத்திருந்தது. ஈரச் சாக்கு வாடை தொண்டை வரைக்கும் இறங்கியது.

மேஜைமேல் இரண்டு செட். ஒன்றில் மீட்பு ஹெலிகாப்டரின் பைலட், இன்னொன்றில் தரையில் நிற்கிறவர்கள். பட்டனை அழுத்தியிருக்கும்வரை அறையில் பேசுவதெல்லாம் அந்த முனைக்குப் போகும். ஒன்றில் பேசுவது மற்றதில் கேட்காது. இங்கே கேட்டதை அங்கே சொல்ல வேண்டியது அவள்தான். சொல்லிச் சொல்லி, வாய் தன்னுடையது இல்லை என்பதுபோல மரத்துப் போயிருந்தது.

உப்பளத்து நடுவே ஒரு கொட்டகைக் கூரையில் மலர்கொடி என்ற நிறைமாதக் கர்ப்பிணி மாட்டியிருந்தாள். அவளைக் கூரையில் ஏற்றிவிட்ட ஃபயர் சர்வீஸ்காரர் மார்ட்டின், விடியற்காலையில் பேசியதோடு சரி. செட் நனைந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஹெலிகாப்டர் நெருங்கியது. மழையில் எதுவும் தெரியவில்லை, கீழே இருந்து யாராவது வழி சொல்லாவிட்டால் திரும்பிவிட வேண்டியதுதான் என்றார் பைலட். ரேணுகா மார்ட்டினைக் கூப்பிட்டாள். ஐந்து முறை. ஆறாவது முறை பதில் வந்தது.

"கெழக்கால கரண்டு கம்பி தொங்குது மேடம். தெக்கால இருந்து வரச் சொல்லுங்க."

சோர்ந்த குரல். வார்த்தைக்கு வார்த்தை நடுவே தண்ணீர் கொப்புளிக்கும் சத்தம்.

அவர் சொன்னதையெல்லாம் ரேணுகா அப்படியே பைலட்டிடம் சொன்னாள். இன்னும் கொஞ்சம் இடது பக்கம், போதும், கயிற்றை இறக்கலாம். பத்து நிமிடத்தில் மலர்கொடியை ஏற்றிவிட்டதாகவும், அவளுக்கு வலி எடுத்துவிட்டதாகவும் பைலட் சொன்னார்.

அப்படியே மார்ட்டினையும் ஏற்றிக்கொள்ளும்படி ரேணுகா கேட்டாள்.

கூரையில் வேறு யாரும் இல்லை என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, மலர்கொடி சொல்வதைச் சொன்னார். அந்த அண்ணனை விடியும்போதே வெள்ளம் அடித்துவிட்டதாம். கொட்டகைத் தூணில் பிணமாகச் சிக்கிக் கிடக்கிறாராம். மேலே இருந்து பார்த்தால் தனக்கும் தெரிகிறது என்றார்.

ரேணுகாவின் கை இன்னொரு செட்டின் மேல் இருந்தது.

அது பேசியது.

"அந்தம்மா ஏறிட்டாங்களா மேடம்?"

ஓடத்தான் தோன்றியது. ஆனால் பயத்தைவிட அசதி பெரிதாக இருந்தது. அந்தக் குரலிலும் அதே அசதி. பட்டனை அழுத்தினாள்.

"ஏறிட்டாங்க மார்ட்டின். உங்க டியூட்டி முடிஞ்சுது. நீங்க போங்க."

கொப்புளிக்கும் சத்தம் நின்றது.

"ரிலீஃப் யாரு மேடம்? ஆள் வராம எப்படிப் போறது?"

மறுபடி பட்டனை அழுத்தினாள். பேச வாயெடுத்தாள்.

கிடங்குக் கதவு திறந்தது. இடுப்பு வரை நனைந்து, மூச்சு வாங்க உள்ளே வந்தார், அவளை மாற்றிவிட வேண்டிய ஆபரேட்டர்.

"செல்வநாதன் வந்துட்டேன்மா. நீங்க கெளம்புங்க, இனிமே நான் பாத்துக்குறேன்."

அவள் விரல் இன்னும் பட்டன்மேலேயே இருந்தது.

வெடுக்கென்று எடுத்தாள்.

செட் கரகரத்தது.

"வாங்க செல்வநாதன் சார். பாத்து வாங்க. இங்க ஆழம்."